டை ராடு வளைந்தால் தடிமனான ராடு போட்டால் போதுமா?

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் இருக்கிறீர்கள், இசுஸு வி-கிராஸ் ஃபோர் வீல் டிரைவ் வைத்திருக்கிறீர்கள். முன்பக்கம் 2 இன்ச் லிஃப்ட் (வண்டியைத் தூக்கி உயரம் கூட்டியது), 265/70 ஆர்17 மட் டெரைன் டயர் (சேற்றுக்கான ஆழப் பல் டயர்), ஆஃப்செட் ஜீரோ அலாய் வீல். சக்லேஷ்பூர் பக்கம் ஒரு எஸ்டேட் ஏற்றத்தில் இடது டை ராடு, அதாவது ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி, வளைந்தது, மாற்றினீர்கள். அடுத்த மழையில் அதே பக்கம் மறுபடியும் வளைந்தது. இப்போது கடையில், தடிமனான டை ராடு செட்டும் ஸ்டீரிங் டேம்பரும் (ஸ்டீரிங் உதறலை அடக்கும் ஷாக் மாதிரியான பாகம்) போட்டால் இனிப் பிரச்சினையே வராது என்கிறார்கள். போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரே பக்க ராடு ஏன் இரண்டு முறை வளைந்தது? அதை வளையவிடாமல் செய்துவிட்டால், வளைத்த அந்த விசை அடுத்து எந்தப் பாகத்தைப் போய்ப் பிடிக்கும்? இவற்றைப் பார்க்காமல் காசு கொடுத்தால், அடுத்த மழைக்கு இதைவிடப் பெரிய பில் வரும்.

நான் ஓசூரில் ஸ்டீரிங் பாகங்கள் செய்யும் ஓர் ஆலையில், சோதனைப் பிரிவில் பல வருடம் இருந்தவன். அதன் பிறகு மைசூர் ரோட்டில் சஸ்பென்ஷன், ஸ்டீரிங் வேலைக்கென்றே சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். உடைந்ததும் வளைந்ததும்தான் என்னிடம் வரும். உங்கள் வண்டியை நான் நேரில் பார்க்கவில்லை. அதனால் எல்லா வண்டிக்கும் பொருந்துவதை உறுதியாகச் சொல்கிறேன், உங்கள் வண்டியைப் பற்றிய என் ஊகத்தை ஊகம் என்றே சொல்கிறேன்.

வி-கிராஸ், ஹைலக்ஸ் போன்ற பிக்கப்களில் முன்பக்கம் இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். நடுவில் ஸ்டீரிங் ராக் (ஸ்டீரிங்கைத் திருப்பினால் இடமும் வலமும் நகர்ந்து சக்கரங்களைத் தள்ளும் பாகம்), அதன் இரண்டு முனையிலும் உள் பால் ஜாயிண்ட், அங்கிருந்து டை ராடு, அதன் நுனியில் டை ராடு எண்ட், அது சக்கரத்தின் நக்கிளை, அதாவது சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகத்தை, பிடித்துக்கொண்டிருக்கும். இந்த வரிசையில் டை ராடுதான் மெல்லியது. அப்படி இருப்பது வடிவமைப்பாளர்கள் யோசித்துச் செய்த முடிவு. வீட்டு ஃபியூஸ் மாதிரி, அளவுக்கு மீறிய விசை வந்தால் அது முதலில் போக வேண்டும். அதுவும் ஒடியாமல் வளைய வேண்டும். அதற்காகவே வளைந்து கொடுக்கும் இரும்பில், அடித்து உருவாக்கி, சூடாக்கிக் குளிர்வித்துப் பதம் பார்த்துச் செய்கிறார்கள். ராடு வளைந்தால் சக்கரம் கோணலாக நிற்கும், ஆனாலும் வண்டியை ஊர்ந்தாவது காட்டிலிருந்து வெளியே கொண்டுவந்துவிடலாம். நக்கிள் கை உடைந்தாலோ ராக் உடைந்தாலோ அந்தச் சக்கரம் யார் பேச்சையும் கேட்காது.

ஆகவே முதல் வேலையாக, கழற்றிய பழைய ராடு இன்னும் கையில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதைப் படித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். வளைவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ராடின் நடுவில் வளைந்து, அந்த இடத்தில் பெயிண்ட் உரிந்து தழும்பு இருந்தால் கல்லோ கட்டையோ நேரடியாக அடித்திருக்கிறது. தழும்பே இல்லாமல் மரை தொடங்கும் இடத்தில், லாக் நட்டுக்குப் பக்கத்தில் மடிந்திருந்தால், இரண்டு பக்கமிருந்தும் அழுத்தம் தாங்காமல் மடிந்திருக்கிறது. பெரும்பாலும் நான் பார்ப்பது இரண்டாவது வகை. அடுத்து, உள் பால் ஜாயிண்டைத் துடைத்துவிட்டு அதன் கிண்ணத்தின் விளிம்பைப் பாருங்கள். விளிம்பில் ஒரே ஒரு பக்கம் மட்டும் நகக்கீறல் அளவுக்குப் பளபளப்பான பள்ளம் இருந்தால், சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ராடின் கழுத்து அங்கே முட்டுகிறது என்று அர்த்தம். ஜாயிண்டுக்குத் திரும்ப இடம் இல்லை, ராடுதான் வளைய வேண்டியிருக்கிறது. லிஃப்ட் செய்த வண்டியில் இந்தப் பள்ளம் இருந்தால் எனக்கு வேறு சாட்சி தேவைப்படாது. ஒடிந்த ராடாக இருந்தால் ஒடிந்த முகத்தைப் பாருங்கள். ஒரு பகுதி துருப்பிடித்துப் பழுப்பாகவும் மீதி புதிதாகப் பளிச்சென்றும் இருந்தால், விரிசல் ரொம்ப நாளாக உள்ளே இருந்து, அன்றைக்குத்தான் மீதியும் போயிருக்கிறது.

இப்போது கோணத்துக்கு வருகிறேன், விஷயத்தின் கனமான பகுதி இதுதான். கம்பெனி உயரத்தில் டை ராடு ஏறக்குறைய தரைக்கு இணையாக, சக்கரத்தை வண்டியோடு பிடிக்கும் கீழ் ஆர்முக்கும் இணையாக இருக்கும். லிஃப்ட் செய்யும்போது ராக் வண்டியோடு மேலே போகிறது, சக்கரம் கீழேயே இருக்கிறது, ராடு வெளிப்பக்கம் சரிகிறது. ஒரு கணக்குக்கு ராடின் நீளம் 350 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 50 மி.மீ. லிஃப்ட் என்றால் நின்ற நிலையிலேயே சுமார் 8 டிகிரி சரிவு. பள்ளத்தில் அந்தச் சக்கரம் இன்னும் 100 மி.மீ. தொங்கினால் சரிவு 25 டிகிரியைத் தொடும். ராக் எப்போதும் நேராகத்தான் தள்ளும், ராடு சாய்ந்து நிற்கிறது. 25 டிகிரியில் ராடின் நீளவாக்கில் போகும் விசை சுமார் பத்து சதவீதம்தான் கூடும், அது பெரிதில்லை. ஆனால் ராக் தள்ளும் விசையில் கிட்டத்தட்ட பாதி, 100 கிலோவுக்கு 47 கிலோ, ராக்கின் முனையை மேலும் கீழுமாக நெம்பும் விசையாக மாறுகிறது. ராக்கின் உள்ளே இருக்கும் கம்பி பக்கவாட்டில் போகவும் வரவும் மட்டுமே செய்யப்பட்டது. அதைத் தாங்கும் புஷ், ஆயில் சீல் எல்லாம் இந்த நெம்பலில் தேயும். நிறையப் பேர் டை ராடு மாற்றியும் ஆட்டம் நிற்கவில்லை என்று வருவார்கள். கழற்றிப் பார்த்தால் ராடு புதிது, தேய்ந்திருப்பது ராக் புஷ்.

லிஃப்ட் எப்படிச் செய்தீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. ஷாக்கின் தலையில் ஸ்பேசர் வைத்துத் தூக்கியிருந்தால், சக்கரம் கம்பெனி விட்ட எல்லையைத் தாண்டிக் கீழே தொங்கும். மேலே சொன்ன பளபளப்புப் பள்ளம் இதனால்தான் வருகிறது. அதே நீள ஷாக்கில் ஸ்பிரிங்கை மட்டும் இறுக்கியோ கடினமான ஸ்பிரிங் போட்டோ தூக்கியிருந்தால், நிற்கும் உயரம் மாறும், தொங்கும் எல்லை மாறாது. இரண்டையும் கடையில் 2 இன்ச் லிஃப்ட் என்றுதான் எழுதுவார்கள். டை ராடுக்கு இரண்டும் ஒன்றில்லை. ஒரே பக்கம் இரண்டு முறை போயிருக்கிறது என்பதால் உங்களுடையது முதல் வகையாக இருக்கும் என்பது என் ஊகம். அடியில் படுத்து ஷாக் டவரைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொரு காரணம் அந்த அலாய் வீல். ஸ்டீரிங் திருப்பும்போது சக்கரம் ஓர் அச்சில் சுழல்கிறது. டயர் தரையைத் தொடும் இடத்தின் நடுப்பகுதி அந்த அச்சிலிருந்து எவ்வளவு வெளியே இருக்கிறதோ, அதுதான் நெம்புகோலின் நீளம். பழைய வீலின் உட்புறம் ஈ.டி. என்று ஓர் எண் அடித்திருக்கும், அதுதான் ஆஃப்செட், எண் குறையக் குறைய சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். அது 33 என்று இருந்து நீங்கள் ஜீரோ போட்டிருந்தால், ஒவ்வொரு பக்கமும் டயர் 33 மி.மீ. வெளியே போயிருக்கிறது. அந்த 33-ம் அப்படியே நெம்புகோலில் சேரும். கல் ஒன்று டயரில் முட்டினால் டை ராடுக்கு வரும் தள்ளல் அந்த அளவுக்குக் கூடும். டயர் அளவும் சும்மா இல்லை. கம்பெனி டயர் 255/60 ஆர்18 என்றால் அதன் விட்டம் சுமார் 763 மி.மீ. உங்கள் டயர் சுமார் 803 மி.மீ. விட்டத்தில் 40 மி.மீ. கூடியதோடு, மட் டெரைனின் எடையும் கூடும், அதன் ஆழமான பல் கல்லைக் கவ்விக்கொள்ளும். சாதா டயர் வழுக்கி விட்டுவிடும் இடத்தில் மட் டெரைன் விடாது. அந்த விடாப்பிடிதான் ராடு வழியாக ராக்குக்குப் போகிறது. வீலும் டயரும் போடும்போது தோற்றத்தையும் ஃபெண்டரில் உரசுகிறதா என்பதையும் மட்டும் பார்ப்பது நம் ஊரில் பழக்கமாகிவிட்டது. ஸ்டீரிங்குக்கு என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு வீல் விற்கும் கடைகள் குறைவு.

ராடு எப்போது அழுத்தப்படும், எப்போது இழுக்கப்படும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இழுத்தால் ராடு வளையாது, அழுத்தினால்தான் மடியும். ஃபோர் லோவில் (நான்கு சக்கரமும் இழுக்கும் மெதுவான கியர்) முன்னே ஏறும்போது முன்சக்கரங்கள் தாங்களே வண்டியை இழுக்கின்றன, அப்போது அவற்றின் முன்பகுதி உள்ளே மடங்கப் பார்க்கும். டை ராடு ஆக்ஸிலுக்கு முன்னால் இருக்கும் வண்டியில் அந்த நேரம் ராடு அழுந்துகிறது. பின்னால் இருக்கும் வண்டியில் ராடு இழுபடுகிறது. அதில் ரிவர்ஸ் எடுக்கும்போதும், சக்கரம் கல்லில் போய் மோதும்போதும்தான் அழுத்தம் வரும். உங்கள் வண்டியில் ராடு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு, வளைந்த அன்று வண்டி எந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இரண்டும் பொருந்தினால் காரணம் பிடிபட்டுவிட்டது.

சரி, தடிமனான ராடு. அது பலன் தராது என்று சொல்ல மாட்டேன். 14 மி.மீ. ராடை 16 மி.மீ. ஆக்கினால், மடிவதை எதிர்க்கும் பலம் சுமார் 70 சதவீதம் கூடும், ஏனென்றால் அது விட்டத்தின் நான்காவது மடியில் ஏறுகிறது. இரண்டு மில்லிமீட்டருக்கு இது பெரிய லாபம். ஆனால் இந்த லாபம் ராடுக்கு மட்டும்தான். கே.ஆர். புரத்திலிருந்து ஒரு தம்பி வந்தார், இதே மாதிரி வண்டி. "அண்ணா, ராடு ரெண்டையும் தடிமனா போட்டாச்சு, இப்ப ஸ்டீரிங் திருப்புனா அடியில டொக்குனு சத்தம் வருது" என்றார். தூக்கிப் பார்த்தால் ராடு அம்பு மாதிரி நேராக இருக்கிறது. ராக்கை ஃபிரேமோடு பிடிக்கும் காது விரிசல் விட்டு, திருப்பும்போதெல்லாம் ராக் மொத்தமும் ஒரு பக்கமாக நகர்கிறது. ராக்கின் வெளிக்கூடு பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. அது வளையாது, விரிசல்தான் விடும். ஒரு டை ராடின் விலையையும் ஒரு முழு ராக்கின் விலையையும் கடையில் கேட்டுப் பாருங்கள், நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று புரியும்.

இணையத்தில் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து, டை ராடுக்கு மேல் இரும்புக் குழாய் உறை போட்டால் போதும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். செவ்ரோலே சில்வராடோ ஹெவி டியூட்டி போன்ற வண்டிகளில் அது பழைய வழக்கம், அங்கே அதற்கு அர்த்தம் உண்டு. அந்த வண்டிகளில் ராக் கிடையாது. ஸ்டீரிங் பாக்ஸ், பிட்மேன் ஆர்ம், ஐட்லர் ஆர்ம், நடுவில் ஒரு சென்டர் லிங்க் என்று வேறு அமைப்பு. டை ராடைப் பலப்படுத்தினால் பாரம் ஐட்லர், பிட்மேன் ஆர்ம்களுக்குப் போகும். அவை தனித்தனியாகக் கழற்றி மாற்றக்கூடியவை, அவற்றுக்கும் தாங்கு கொடுக்கத் தனிப் பாகங்கள் விற்கிறார்கள். நம் வண்டியில் டை ராடுக்கு அடுத்து நிற்பது ராக்தான். நடுவில் வேறு எதுவும் இல்லை.

அப்படியும் தடிமனான ராடு வேண்டும் என்றால் எதைப் பார்த்து வாங்குவது? எந்த இரும்பு என்று கேளுங்கள். ஈ.என். 8 என்பது சாதாரண நடுத்தரக் கார்பன் இரும்பு, ஈ.என். 19 என்பது குரோமியமும் மாலிப்டினமும் கலந்தது, பதம் போட்டால் நல்ல பலம் வரும். பெயர் மட்டும் போதாது, பதம் போட்டிருக்க வேண்டும். மரை உருட்டி எடுத்ததா, லேத்தில் வெட்டி எடுத்ததா என்பதும் முக்கியம். வெட்டிய மரையின் அடிப்பள்ளத்தில் கூரான மூலை இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். பீன்யாவில் லேத் வைத்திருப்பவர்கள் அருமையான கைகாரர்கள், அவர்களிடம் நானே எவ்வளவோ வேலை கொடுக்கிறேன். ஆனால் ஒரு கம்பியைக் கொடுத்து டை ராடு கடைந்து தரச் சொல்ல மாட்டேன். அளவு கச்சிதமாக வரும். பதமும் விரிசல் சோதனையும் அங்கே நடக்காது. அதைவிட மோசம், வளைந்த ராடை கேஸ் டார்ச்சால் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்துவது. கம்பெனி போட்ட பதம் அந்தச் சூட்டில் போய்விடும், பக்கத்திலிருக்கும் பால் ஜாயிண்டின் கிரீஸும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இருக்கையும் வெந்துவிடும். காட்டில் மாட்டிக்கொண்டபோது குளிர்ந்த நிலையில் நெம்பி ஓரளவு நிமிர்த்தி, தார் ரோடு வரை ஊர்ந்து வரலாம். அதற்கு மேல் அந்த ராடு வண்டியில் இருக்கக் கூடாது.

ஸ்டீரிங் டேம்பர் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையாக இருக்கும். டேம்பர் எந்தப் பாகத்தையும் பலப்படுத்தாது. வேகமாக வரும் உதறலை மெதுவாக்கும், அவ்வளவே. ராடு மடிவது மெதுவான, பெரிய அழுத்தத்தில் நடப்பது, அதற்கு டேம்பர் செய்யக்கூடியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. இரண்டு முன்சக்கரத்தையும் ஒரே ஆக்ஸில் இணைக்கும் ஜீப் ராங்ளர் போன்ற வண்டிகளில் டேம்பருக்கு வேலை இருக்கிறது. அங்கேயும் சக்கரம் வெறிபிடித்த மாதிரி உதறினால் முதலில் பார்க்க வேண்டியது டிராக் பாரின் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) புஷ்ஷும் போல்ட்டும். அந்த ஆட்டத்தை டேம்பர் சில மாதம் மறைத்து வைக்கும், தேய்மானம் உள்ளே நடந்துகொண்டே இருக்கும். உங்கள் வண்டிக்கு டேம்பர் வேண்டாம் என்று உறுதியாகவே சொல்கிறேன்.

எதையும் வாங்கும் முன்பு முழு ஸ்டீரிங் வரிசையையும் சோதியுங்கள். வண்டியைத் தரையில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீரிங்கை இடமும் வலமும் கொஞ்சமாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நீங்கள் ஒவ்வொரு ஜாயிண்டிலும் விரல் வைத்துப் பாருங்கள். இரண்டு பாகமும் சேர்ந்து நகர்ந்தால் நல்லது. ஒன்று முந்தி மற்றது தாமதித்தால் அங்கே ஆட்டம். உள் பால் ஜாயிண்ட் ரப்பர் பூட்டுக்குள் (ஆங்கிலத்தில் பூட், மடிப்பு மடிப்பான ரப்பர் உறை) ஒளிந்திருக்கும், பூட்டுக்கு மேலேயே பிடித்துப் பார்த்தால் அந்தத் தட்டல் கைக்குத் தெரியும். அடுத்து முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டு வைத்து, டயரை இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் டை ராடு பக்கம். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் வீல் பேரிங் அல்லது ஆர்மின் பால் ஜாயிண்ட். ராக் புஷ்ஷுக்கு, பூட்டின் கிளிப்பைத் தளர்த்தி ராக் முனையை மேலும் கீழும் நெம்பிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நகர்ந்தால் புஷ் போய்விட்டது. பூட்டுக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் ஆயில் சீல் போய்விட்டது. சேறு இருந்தால் பூட்டு எங்கோ கிழிந்திருக்கிறது. மலைநாட்டுச் செம்மண் சேறு உள்ளே போனால் ராக் கம்பியில் துருப்புள்ளி விழும், அந்தப் புள்ளி ஒவ்வொரு திருப்பலிலும் சீலை அறுக்கும். அதனால்தான் ஒவ்வொரு காட்டுப் பயணத்துக்குப் பிறகும் பூட்டைத் துடைத்துப் பார்க்கச் சொல்கிறேன். ஒரு சின்ன ரப்பர் பூட்டு ஒரு பெரிய ராக்கைக் காப்பாற்றும்.

மாட்டும் விதத்திலும் நிறையப் போகிறது. டை ராடு எண்டின் தண்டு கூம்பு வடிவம், நக்கிளின் துளையும் கூம்பு. அந்தக் கூம்புதான் பாரத்தைத் தாங்குகிறது, நட்டு அதை இறுக்கிப் பிடிக்க மட்டுமே. துளையில் துருவோ மணலோ இருந்தால் கூம்பு முழுக்க உட்காராது. கழற்றும்போது தண்டில் முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி மங்கலான தடம் இருந்தால் சரியாக உட்கார்ந்திருந்தது, ஒரே ஒரு வளையம் மட்டும் மின்னினால் அந்த வளையம்தான் எல்லாப் பாரத்தையும் சுமந்திருக்கிறது. காஸில் நட்டை (தலையில் பள்ளங்கள் உள்ள நட்டு, அதில் ஸ்ப்ளிட் பின் என்ற கம்பியைச் செருகி மடக்கினால் கழலாது) டார்க் ரெஞ்சில் சொன்ன அளவுக்கு இறுக்கிய பிறகு ஸ்ப்ளிட் பின் துளை நேர்படவில்லை என்றால், இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்க வேண்டும், தளர்த்தி நேராக்கக் கூடாது. பழைய ஸ்ப்ளிட் பின்னை மறுபடியும் மடக்கிப் போடக் கூடாது.

அப்புறம் அலைன்மென்ட். டை ராடைத் தொட்டால் டோ, அதாவது முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் அளவு, பார்த்தே ஆக வேண்டும். ஆனால் லிஃப்ட் செய்த வண்டிக்கு டோ மட்டும் பார்த்தால் போதாது, காஸ்டரையும் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணம்) பார்க்கச் சொல்லுங்கள். இந்த வகை முன் சஸ்பென்ஷனில் தூக்கும்போது காஸ்டர் பெரும்பாலும் குறையும். காஸ்டர் குறைந்தால் நைஸ் ரோட்டில் வேகமாகப் போகும்போது வண்டி அலையும், திருப்பிய ஸ்டீரிங் தானாகத் திரும்பி வராது. கம்பெனி விட்ட சரிசெய்யும் இடத்தில் அது வரவில்லை என்றால், கோணம் மாற்றிய மேல் ஆர்ம் தேவைப்படும். அலைன்மென்ட் பார்த்த பிரிண்ட் அவுட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காசு செலவழித்துப் பலன் கிடைக்கும் மாற்றங்களில் இந்த மேல் ஆர்மைத் தடிமனான ராடுக்கு முன்னால் வைப்பேன்.

டை ராடு எண்டுக்குப் பதில் ரேஸ் வண்டிகளில் வரும் திறந்த ரோஸ் ஜாயிண்ட் போடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. ரோட்டில் ஓடும் வண்டிக்கு வேண்டாம். ரப்பர் மூடி இல்லாததால் நம் தூசியிலும் சேற்றிலும் அது சீக்கிரம் தேயும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 98-ஆம் விதி, ஸ்டீரிங் இணைப்பின் பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழன்று வராதபடி பூட்டியிருக்க வேண்டும், ஸ்டீரிங் வீலில் ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. லிஃப்ட்டும் டயரும் இந்த வரம்புக்குள் எங்கே நிற்கின்றன என்பதை உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுக்கொள்ளுங்கள். அது என் தொழிலுக்கு வெளியே உள்ள கேள்வி.

ஓட்டும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்குச் செலவே இல்லை. பள்ளத்தடத்தில் சக்கரம் சுவரில் அழுந்தி நிற்கும்போது ஸ்டீரிங்கை வலுக்கட்டாயமாகத் திருப்பாதீர்கள். பவர் ஸ்டீரிங்கின் எண்ணெய் அழுத்தம் ஒன்றே ராடை மடிக்கப் போதுமானது, உங்கள் கைக்கு அந்தப் பாரம் தெரியவே தெரியாது. வண்டி அரை அடியாவது உருளும்போது திருப்புங்கள். முழு லாக்கில் வைத்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டர் மிதிக்காதீர்கள். முழு லாக்கில் சில விநாடிக்கு மேல் பிடித்தும் வைக்காதீர்கள், எண்ணெய் கொதித்துப் பம்பும் சீலும் கெடும். தடத்துக்குள் சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சந்தேகமாக இருந்தால் தலையை வெளியே நீட்டிப் பாருங்கள், அல்லது கூட வந்தவரை இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்த ராடுகளில் எவ்வளவோ, நேராக இருக்கிறது என்று நம்பிய சக்கரம் உண்மையில் திரும்பி நின்றதால் வளைந்தவை.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் ராக் புஷ், ராக்கைப் பிடிக்கும் காது, உள் ஜாயிண்ட் மூன்றையும் சோதியுங்கள். இரண்டு முறை ராடு மடிந்த வண்டியில் இவை அடி வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். புகைப்படத்தை வைத்து இதை யாராலும் சொல்ல முடியாது, கை வைத்துத்தான் பார்க்க வேண்டும். உள் ஜாயிண்டில் ஆட்டம் இருந்தால் மாற்றும் வரை வண்டியை எடுக்காதீர்கள், ஆஃபீஸுக்குக்கூட வேண்டாம். அது கழன்றால் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். அடுத்து, ஸ்பேசர் லிஃப்ட் என்றால் அதைக் குறையுங்கள், அல்லது சக்கரம் தொங்கும் எல்லையைக் கட்டுப்படுத்தும் சரியான நீள ஷாக்குக்கு மாறுங்கள். மூன்றாவது, கம்பெனி ஆஃப்செட்டுக்கு நெருக்கமான வீல். இவ்வளவும் செய்துவிட்டு, கம்பெனித் தர டை ராடையே போட்டு ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே தாங்கும். அதற்குப் பிறகும் வளைந்தால், அப்போது ஒரு படி தடிமனான ராடைப் பற்றி யோசிக்கலாம். கோணம் சரியாக இருப்பதால் ராக்குக்கு வரும் அபாயம் குறைந்திருக்கும். நீங்கள் போட்டிகளில் ஓட்டுவதாக இருந்தால் என் பதில் மாறும். அங்கே ராக்கையே செலவாகக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் இறங்குவார்கள்.

டேம்பருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு ஜோடி உள் டை ராடும் எண்டும் பூட்டும் வாங்கி வண்டியில் வையுங்கள். ஜே.சி. ரோட்டில் வாங்கினால் பில்லோடு வாங்குங்கள், ஒரே பெட்டி மூன்று விலையில் கிடைத்தால் மலிவான இரண்டும் வேண்டாம். கூடவே உள் ஜாயிண்டைக் கழற்றும் ஸ்பேனர், புது ஸ்ப்ளிட் பின்கள், பூட்டைக் கட்ட ஜிப் டை, ஒரு டேப். வீட்டிலேயே புது ராடில் எண்டை மாட்டி, இப்போது வண்டியில் இருக்கும் ராடின் நீளத்துக்குச் சமமாக அளந்து வைத்து, லாக் நட் நிற்க வேண்டிய இடத்தில் பெயிண்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். காட்டில் மழையில் மாற்றும்போது டோ ஏறக்குறைய சரியாக வந்துவிடும், ஊருக்கு வந்து அலைன்மென்ட் பார்த்துக்கொள்ளலாம்.